பட்டை ரெண்டா மூணா

தப்பா நினைச்சுக்காதீங்க சார். ரொம்ப நேரமா உங்க போனை எட்டிப் பாத்துக்கிட்டே வர்றேன். இப்ப அந்த வீடியோவுல ஒரு டாங்கி பாலத்து மேல ஏறிச்சே, எழுபத்தொண்ணாம் வருஷப் பாகிஸ்தான் சண்டைன்னு கீழ எழுத்து வேற போட்டானே, அது தப்பு. அந்தச் சண்டையில அவன் காட்டுற எடத்துக்குப் போன நம்ம வண்டி டி ஐம்பத்தஞ்சு. அதுக்கு ஒரு பக்கத்துக்கு அஞ்சு சக்கரம்தான். நீங்க பாத்த வண்டிக்கு ஆறு. டி ஐம்பத்தஞ்சுல முதல் சக்கரத்துக்கும் ரெண்டாவது சக்கரத்துக்கும் நடுவுல மட்டும் ஒரு சந்து இருக்கும், பல்லு விழுந்த வாய் மாதிரி. தெரிஞ்சவனுக்கு அது போதும்.

வேணாம், விடுங்க. நான் இதெல்லாம் பேசக்கூடாது. வாயை மூடிக்கிட்டுத்தான் வந்தேன், சக்கரத்தைப் பாத்ததும் தாங்கல. சார், கொஞ்சம் மெதுவாப் பேசலாமா? பின்னாடி சீட்ல பச்சைச் சட்டை போட்டிருக்காரே, அவர் போளூர்லயா ஏறினார்? நமக்கு முன்னாடியே இருந்தாரா? சரி, அப்ப பரவாயில்ல.

என் பேரு கலியபெருமாள். வேலூர் சைதாப்பேட்டை. மெட்ராஸ்ல இருக்கறது இல்ல, வேலூர்லயும் ஒண்ணு இருக்கு. பல் செட் செய்யறவன். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், நான் பல்லு கட்டித் திருப்பி அனுப்புவேன். எல்லாரும் பல்லு டாக்டர்னுதான் கூப்பிடறாங்க. அது தப்பு. நான் டெக்னீஷியன். பட்டறைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைத் திருத்திச் சொல்லுவேன். தப்பான தகவல் என் பேருக்குப் பக்கத்துல இருக்கக்கூடாது.

டாங்கி கட்டறது என் பழக்கம். வெளிநாட்டுல இருந்து கிட் பெட்டியில வரும். உள்ள ஆயிரம் துண்டு பிளாஸ்டிக். நிஜ வண்டியில முப்பத்தஞ்சுல ஒரு பங்கு. அறுத்து, தேய்ச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிச்சா ஒரு சாண் நீளத்துக்கு டாங்கி நிக்கும். பொம்மையான்னு கேக்காதீங்க. பொம்மைக்கு ஆணி எத்தனைன்னு யாரும் எண்ண மாட்டாங்க. நாங்க எண்ணுவோம். கிட்காரன் தப்புப் பண்ணுவான் சார், நிறையப் பண்ணுவான். அம்பத்தெட்டாம் வருஷத்து வண்டிக்கு எழுபதாம் வருஷத்து விளக்கை வெப்பான். நாங்க பழைய போட்டோவைத் தேடி, புஸ்தகத்தைத் தேடி, அதைப் பிடுங்கிப் போட்டுட்டு சரியானதைச் செய்வோம். பல்லு செதுக்கற கருவியெல்லாம் என்கிட்ட இருக்கு, எனக்கு அது சுலபம்.

எங்களுக்கு இன்டர்நெட்டுல ஒரு குழு இருக்கு. அதுல என் பேரைப் பாத்தாலே கொஞ்சம் நடுங்குவாங்க. பூனாவுல இருந்து ஒருத்தர் எட்டு மாசம் உழைச்சு ஒரு டி ஐம்பத்தஞ்சு செஞ்சு போட்டோ போட்டார். எல்லாரும் பிரமாதம் பிரமாதம்னாங்க. நான் பாத்தேன். பீரங்கியோட சுத்தற கோபுரத்து மேல, வலது பக்கம் காத்து போறதுக்கு ஒரு வட்ட மேடு. அது டி ஐம்பத்தினாலுல இருக்கும், ஐம்பத்தஞ்சுல கிடையாது. ஒரே ஒரு வரி எழுதினேன், நீங்க செஞ்சிருக்கறது வேற வண்டின்னு. அதுக்கப்புறம் அந்த ஆள் குழுவுக்கே வரல. நான் என்ன பண்றது? உள்ளதைத்தானே சொன்னேன்?

இந்த மாதிரி இருந்தவன்தான் சார் நான்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு தகர டப்பா. டாங்கியோட பீரங்கிக் குழாய் இருக்குல்ல, அந்தச் சண்டையில நம்ம டி ஐம்பத்தஞ்சுக்கெல்லாம் குழாய்க்கு நடுவுல ஒரு டப்பாவை மாட்டினாங்க. போலி டப்பா. அதுக்கு ஒரு வேலையும் கிடையாது. எதுக்குன்னா, எதிர்ப்பக்கத்துக்காரன்கிட்ட இருந்தது சைனாக்காரன் செஞ்ச வண்டி. ரெண்டும் ஒரே வார்ப்பு, ரெட்டைப் பிள்ளை மாதிரி. தூரத்துல இருந்து பாத்தா எது நம்முது எது அவன்துன்னு தெரியாது. நடுவுல டப்பா இருந்தா நம்ம வண்டி, சுடாதேன்னு அர்த்தம்.

எந்தக் கிட்லயும் அந்த டப்பா வராது. நாமளேதான் செய்யணும். செய்யறது பெரிசில்ல, எப்படி மாட்டினாங்கன்னு தெரியணுமே. பட்டை போட்டு இறுக்கினாங்களா, வெல்டிங் பத்த வெச்சாங்களா? பட்டைன்னா ரெண்டா, மூணா? இருக்கற போட்டோவெல்லாம் மங்கல், புழுதி. ஒண்ணுல ரெண்டு மாதிரி தெரியும், ஒண்ணுல மூணு மாதிரி தெரியும். ஒரு வருஷம் நான் அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். சோத்துல கை வெச்சுக்கிட்டு பட்டை ரெண்டா மூணான்னு யோசிச்சுக்கிட்டிருப்பேன். என் வீட்டுக்காரி மங்கை, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர், அவ தட்டை இழுத்து வெச்சுட்டுப் போயிடுவா.

அதே குழுவுல லாகூர்ல இருந்து ஒருத்தர் இருந்தார். வகார்னு பேரு. மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கறவர். அவர் அந்தச் சைனா வண்டியைக் கட்டிக்கிட்டிருந்தார். நான் இந்த வண்டியைக் கட்டிக்கிட்டிருந்தேன். அவருக்கும் நம்ம டப்பாவைப் பத்தித் தெரிஞ்சுக்கணும், ரெண்டு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வித்தியாசம் காட்டணும்னு ஆசை. நல்ல மனுஷன் சார். நான் ஒரு அளவு கேட்டா நாலு அளவு அனுப்புவார். நாலு மாசம் பேசினோம். டாங்கியைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்ல. அவருக்குப் பிள்ளைங்க எத்தனைன்னுகூட எனக்குத் தெரியாது.

எங்க ஊர்ல முன்னாள் ராணுவத்துக்காரங்க தங்கற ஒரு விடுதி இருக்கு. அது வாசல்ல ஒரு டி ஐம்பத்தஞ்சு நிறுத்தி வெச்சிருக்காங்க, மாலை போடறதுக்கு. குழாயில டப்பா இல்ல, எப்பவோ கழட்டிட்டாங்க. ஆனா கழட்டின எடத்துல தழும்பு இருக்கும்ல? அதை நான் தொட்டுப் பாக்கணும். கேட்டுல வாட்ச்மேன் முனிரத்தினம் ஐயா. எழுபதை நெருங்கறவர், மீசையெல்லாம் வெள்ளை. மூணு ஞாயித்துக்கிழமை போய்க் கெஞ்சினேன். மூணு ஞாயிறும் முடியாதுன்னுட்டார். உத்தரவு இல்லாம வண்டிகிட்ட யாரும் போகக்கூடாதுன்னார். நாலாவது ஞாயிறு பாத்தேன், அவர் கீழ்ப்பல் செட்டு விரிசல் விட்டிருக்கு, பேசும்போது ஆடுது. கொண்டாங்கன்னு வாங்கிட்டுப் போய்ப் புதுசாவே கட்டிக் குடுத்தேன். அதைப் போட்டுக்கிட்டு ஒரு முறுக்கைக் கடிச்சுப் பாத்தார். அப்புறம் கேட்டைத் திறந்து, சீக்கிரம் பாத்துட்டு வந்துடுங்கன்னார்.

எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது சார், அவரே எழுபத்தொண்ணுல டி ஐம்பத்தஞ்சு ஓட்டினவர். டிரைவர். தபேதாரா ரிடையர் ஆனவர். மத்த படையில ஹவில்தார்னு சொல்றதை டாங்கிப் படையில தபேதார்னு சொல்லுவாங்க. கலெக்டர் ஆபீஸ் தபேதார் வேற. ஒரு வருஷமா மங்கலான போட்டோவைப் பாத்துக்கிட்டிருந்தவனுக்கு முன்னால, அந்த வண்டிக்குள்ள உக்காந்தவரே நிக்கறார்.

அதுக்கப்புறம் எட்டு ஞாயிறு போனேன். கையில டேப்பு, கனம் அளக்கற காலிப்பர், டார்ச். நூத்தி நாப்பத்தாறு போட்டோ. குழாயைத் தடவிப் பாத்தேன், பத்துப் பூச்சு பெயிண்டுக்கு அடியில விரல்ல நெருடுது, ஆனா எத்தனை பட்டைன்னு எண்ண முடியல. ஐயாகிட்ட கேட்டேன், பட்டை ரெண்டா மூணான்னு. அவர் சொன்னார், "எங்க வண்டியில ரெண்டு. பக்கத்து வண்டியில மூணு. யார் கையில என்ன கெடச்சுதோ அதை வெச்சுக் கட்டினோம்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கல. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கன்னேன். சிரிச்சார். அப்புறம் அவர் பாட்டுக்கு என்னென்னமோ சொன்னார். முதல் நாள் எதிர்ல இருந்து சுட ஆரம்பிச்சப்ப டிரைவர் சீட்லயே மூத்திரம் போயிட்டாராம். ரெண்டு நாள் அந்தத் துணியோடவே ஓட்டினாராம். இன்னும் சில நாள் கனவுல குழாயில டப்பா கழண்டு விழற மாதிரி வருமாம், நம்ம ஆளே நம்மளைச் சுட வர்ற மாதிரி. அதையெல்லாம் நான் நோட்டுல எழுதல. மாடலுக்கு அது எதுக்கு? சீட்டு என்ன கலர்னு கேட்டு அதை எழுதிக்கிட்டேன்.

போட்டோவெல்லாம் வகாருக்கு அனுப்பினேன். அளவெல்லாம் அனுப்பினேன்.

ஒரு புதன்கிழமை காலையில பதினொரு மணி இருக்கும். பட்டறையில ஒரு மேல்செட்டுக்கு மெழுகு வெச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டு பேர் வந்தாங்க. யூனிபார்ம் இல்ல. ஒருத்தர் சபாரி, ஒருத்தர் சாதாரண சட்டை. பல்லு கட்ட வந்திருக்காங்கன்னு நினைச்சு உக்காருங்கன்னேன். சபாரிக்காரர் என் பேரைச் சொல்லி, அப்பா பேரைச் சொல்லி, மங்கை வேலை பாக்கற பள்ளிக்கூடத்துப் பேரையும் சொன்னார். அப்புறம், லாகூர்ல உங்களுக்கு யார் இருக்காங்கன்னு கேட்டார்.

சார், பயம்னா என்னன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கையில இருந்த மெழுகு உருகி விரல்ல ஒழுகுது, சுடறது தெரியல. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. என் கம்ப்யூட்டர், போன், நோட்டு, பாதி கட்டின டாங்கி, எல்லாத்தையும் ஒரு சாக்குப்பையில போட்டாங்க. தெருவே பாக்குது. எதிர்ல ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பாத்துட்டு வெடுக்குனு உள்ள போயிட்டார்.

ஒரு பழைய கட்டடம். பேர்ப்பலகைகூட இல்ல. ஒரு மேஜை, மூணு நாற்காலி. மேஜை மேல என் பேச்சையெல்லாம் அச்சடிச்சு அடுக்கி வெச்சிருந்தாங்க. நான் வகாருக்கு எழுதினது. எங்க குழுவுல படிச்சா அதுல ஒண்ணும் இல்ல சார். அந்த மேஜையில படிச்சா வேற அர்த்தம் வருது. உள்ளே விட ஒரு ஆளைப் பிடிச்சாச்சுன்னு எழுதியிருக்கேன். ஞாயித்துக்கிழமை காவல் குறைவு, அன்னைக்கு அளக்கறேன்னு எழுதியிருக்கேன். உங்களுக்கு வேண்டியது எல்லாம் இந்த வாரம் கைக்கு வரும்னு எழுதியிருக்கேன். நானேதான் எழுதியிருக்கேன். ஒரு வரி பொய் இல்ல. படிக்கப் படிக்க எனக்கே என் மேல சந்தேகம் வருது.

அந்தக் காகிதத்துல ஒரு எடத்துல முப்பத்தஞ்சுல ஒண்ணுங்கறதை அம்பத்திமூணுல ஒண்ணுன்னு தப்பா அடிச்சிருந்தாங்க. அவ்வளவு நடுக்கத்துலயும் நான் அதைக் காட்டி, சார் இது தப்புன்னேன். அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

கேள்வி கேட்டது சபாரிக்காரர்தான். அவர் கண்ணை என்னால நிமிந்து பாக்க முடியல, வாயைத்தான் பாத்தேன். மேல் வரிசையில இடது பக்கம் ஒரு பல்லு இல்ல. அந்தச் சந்தையே பாத்துக்கிட்டுப் பதில் சொன்னேன். இன்னிக்கும் அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்ல. அந்த வாயைக் காட்டினா சொல்லிடுவேன்.

கை வெச்சாங்களான்னு கேப்பீங்க. இல்ல. சரியாச் சொல்லணும்ல? நாலு நாளும் காலையில வரச் சொல்லி சாயங்காலம் அனுப்பினாங்க. ஒருத்தரும் என்னைத் தொடல. அதட்டல. ஒரு நாளைக்கு ரெண்டு டீ குடுத்தாங்க. கேட்டாங்க, நான் இருந்ததைச் சொன்னேன். எப்படி உள்ள போனேன்னு கேட்டாங்க, வாட்ச்மேன் முனிரத்தினம் விட்டார்னேன். எழுதிக்கிட்டாங்க, கையெழுத்துப் போட்டேன். எழுதினதுல அவர் பேருக்கு முன்னால ஹவில்தார்னு இருந்துச்சு, தபேதார்னு நான்தான் சொல்லித் திருத்த வெச்சேன்.

நாலாம் நாள் ராணுவத்துல இருந்து ஒரு அதிகாரி வந்தார். என் போட்டோவையெல்லாம் புரட்டிப் பாத்தார். இந்த வண்டி சேவையில இருந்து போய் வருஷம் ஆச்சு, இதோட அளவெல்லாம் கடையில விக்கற பெட்டியிலயே இருக்கு, இவரை வீட்டுக்கு அனுப்புங்கன்னு இங்கிலீஷ்ல சொன்னார். அவ்வளவுதான். அந்த லாகூர் ஆளோட இனிமே பேசக்கூடாதுன்னு எழுதி வாங்கிக்கிட்டு விட்டுட்டாங்க. டாங்கியைத் திருப்பிக் குடுத்தப்ப ஒரு சக்கரம் காணோம்.

வகார் ரெண்டு மாசம் எழுதிக்கிட்டே இருந்தார். பட்டை ரெண்டா மூணா, ஏதாவது தெரிஞ்சுதான்னு. கடைசியில உடம்பு சரியில்லையான்னு. நான் படிச்சிட்டு அழிச்சிடுவேன். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அவரா நிறுத்தினாரா, அவர் கடைக்கும் ரெண்டு பேர் வந்தாங்களான்னு எனக்குத் தெரியாது. யாரைக் கேப்பேன்?

முனிரத்தினம் ஐயாவையும் மூணாம் நாள் கூட்டிட்டு வந்து விசாரிச்சாங்க. விடுதியில அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. பதினோரு வருஷம் இருந்தவர். ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அந்த டாங்கிக்கு மாலை போட்டு சல்யூட் அடிக்கறது அவர்தான். அதுக்குக்கூட வரவேணாம்னுட்டாங்களாம். சொந்த ஊருக்கே போயிட்டார், போளூர் தாண்டி.

மங்கைகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உங்ககிட்ட இப்பச் சொன்ன மாதிரியே. கேட்டுட்டு அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா. "உங்களை உள்ள விட்டதுக்கு அவரை எதுக்குங்க வேலையை விட்டு எடுத்தாங்க? ஒரு திட்டுத் திட்டி விட்டிருக்கலாமே."

எனக்குத் தெரியாதுன்னேன்.

இருங்க சார். தண்ணி இருக்கா? ரொம்ப நன்றி.

நான் சொன்னதுல ஒரு எடம் சரியில்ல. அந்த எடத்தைத் திருத்தணும். எப்படி உள்ள போனேன்னு அவங்க கேக்கவே இல்ல. அது அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவங்க கேட்டது, யார் அளக்கச் சொன்னதுன்னு. யாரும் சொல்லல, நானாத்தான் அளந்தேன். அதைச் சொன்னா போதும். ஆனா அவர் கேட்ட தினுசு இருக்கு பாருங்க, யாரோ ஒருத்தர் சொல்லித்தான் நான் செஞ்சிருக்கணும், அந்த ஒருத்தர் லாகூர்ல இருக்கார், அதை நான் ஒத்துக்கிட்டா முடிஞ்சுதுங்கற மாதிரி. எனக்கு ஜெயில் கதவு தெரியுது, மங்கை பள்ளிக்கூடத்துல தலை குனிஞ்சு நிக்கறது தெரியுது. லாகூர் இல்லேன்னா வேற யாராவது வேணுமே. வாயில வந்துடுச்சு. "வாட்ச்மேன்தான் சார் அளக்கச் சொன்னார். அவர்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அதைத்தான் எழுதினாங்க. அதுலதான் தபேதார்னு திருத்தினேன்.

ரொம்ப நாள் நான் எனக்கே சொல்லிப் பாத்தேன், ஒருவேளை அவர் நிஜமாவே சொல்லியிருப்பாரோன்னு. வயசானவர், ஏதோ ஒரு ஞாயிறு, இதையும் அளந்துக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாமலா இருந்திருப்பார்? நோட்டு பூரா தேடினேன் சார். என் நோட்டுல நான் கேட்டதும் இருக்கும், அவர் சொன்னதும் இருக்கும், தேதியோட. அப்படி ஒரு வரி இல்ல.

ஒரு வருஷம் எட்டு மாசம் ஆச்சு அதுக்கப்புறம். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா பட்டறைக் கதவைச் சாத்திடுவேன். பல்லு கட்ட வர்றவங்ககிட்ட எந்த ஊர்னு கேக்கவே பயம். ஆனா மாடலை மட்டும் முடிச்சேன். காணாமப் போன சக்கரத்தை நானே வார்த்தேன். குழாய்க்கு நடுவுல டப்பா, பட்டை ரெண்டு. போன மாசம் பெங்களூர்ல ஒரு கண்காட்சி, கொண்டுபோனேன். நடுவர் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு, பட்டை ரெண்டுன்னு எப்படிச் சொல்றீங்க, ஆதாரம் என்னன்னு கேட்டார். நியாயமான கேள்வி. நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்த வண்டியை ஓட்டினவரே சொன்னார்னேன். அப்படியா, இந்த அட்டையில அவர் பேரை எழுதுங்கன்னு பேனாவை நீட்டினார். வாங்கினேன். எழுத முடியல சார். டாங்கியைத் தூக்கிப் பெட்டியில வெச்சுக்கிட்டு வந்துட்டேன். பரிசும் வேணாம் ஒண்ணும் வேணாம்.

மங்கைதான் விசாரிச்சு அவர் வீட்டு விலாசத்தை வாங்கிக் குடுத்தா. போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க, திட்டினா வாங்கிக்கிட்டு வாங்கன்னா. இன்னிக்குக் காலையில கிளம்பினேன். பஸ்ல வரும்போதே மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஐயா, நான் உங்களைப் பத்திப் பொய் சொல்லிட்டேன். அவ்வளவுதான். ஒரே மூச்சுல சொல்லிடணும். அடிச்சா அடிக்கட்டும்னு இருந்தேன். ஆனா சார், போளூர்ல இறங்கி ஷேர் ஆட்டோல உக்காந்தப்ப, திரும்பிப் போயிடலாமான்னு ரெண்டு தடவை இறங்கப் பாத்தேன். விசாரணைக்குப் போனப்பகூட அப்படித் தோணல.

சின்ன மாடி வீடு. டி.வி. ஓடிக்கிட்டிருந்துச்சு. அவர் சம்சாரம் சின்னப்பொண்ணம்மா கதவைத் திறந்தாங்க. நான் யாருன்னு சொன்னதும் உள்ள திரும்பி, பல்லுக்காரர் வந்திருக்கார்னு சத்தமாச் சொன்னாங்க. என்னை டெக்னீஷியன்னு திருத்த எனக்கு வாய் வரல. அவர் எழுந்து வந்தார். இளைச்சிருந்தார். வாங்க வாங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். விடவே இல்ல.

பெட்டியைத் திறந்து டாங்கியை அவர் முன்னால வெச்சேன். ரொம்ப நேரம் பாத்தார். குனிஞ்சு பாத்தார், சுத்திப் பாத்தார். இடது பக்கம் முன்னால டிரைவர் மூடி இருக்கும், அது மேல விரல் நுனியை வெச்சு, இங்கதான் நான்னார். டப்பாவைப் பாத்தார், பட்டையை எண்ணினார். எங்க வண்டியேதான்னார். அந்தம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இதை நீங்களே வெச்சுக்குங்கன்னேன். டி.வி.யை நகத்தி, அது பக்கத்துல எடம் பண்ணி வெச்சார்.

இப்பச் சொல்லிடணும்னு நான் வாயைத் திறக்கறேன். அவர் முந்திக்கிட்டார்.

"ரொம்ப அடிச்சாங்களா?"

எனக்குப் புரியல. என்னங்க ஐயான்னேன்.

"மூணாம் நாள் நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். ஐயோ அடிக்காதீங்கன்னு நீங்க கத்தினது கேட்டுச்சு."

சார், நான் கத்தினது நிஜம். ஏன் கத்தினேன்னு சொல்றேன், வெக்கக்கேடு. அந்த ரூம்ல ஜன்னல் மேல குளவி கூடு கட்டியிருந்துச்சு. ஒரு போலீஸ்காரர் அதைத் தட்டிவிட ஒரு நீளக் கழியை எடுத்துக்கிட்டு என் பின்னால வந்தார். திரும்பினேன், கழி ஓங்கி இருக்கு. அவ்வளவுதான், நாற்காலியோட கீழ விழுந்து கத்திட்டேன். அந்தப் போலீஸ்காரர் பாவம், அவரே பயந்துபோய்க் கழியைப் போட்டுட்டு எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தார். நடந்தது அதுதான்.

ஐயா சொன்னார். சத்தம் கேட்டதும் அவர் எழுந்து நின்னுட்டாராம். பல்லு கட்டற கை, இந்த ஆள் தாங்க மாட்டார்னு நினைச்சாராம். விடுதி ரெஜிஸ்டர்ல இருந்துதான் அவரைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு அவர் எண்ணம். யார் அளக்கச் சொன்னதுன்னு அவர்கிட்டயும் கேட்டிருக்காங்க. நான்தான் சொன்னேன், பல்லுக்காரர் மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டாராம். கேட்டவர் உடனே எழுதிக்கிட்டாராம், மறுநாளே உங்களை விட்டுட்டாங்க பாத்தீங்களான்னார்.

அப்புறம் என் கையைத் தட்டிக் குடுத்தார். "என் பேரைச் சொல்ல மாட்டேன்னு நின்னிருக்கீங்க. இல்லேன்னா எதுக்கு அடிக்கப் போறாங்க?"

அந்தம்மா முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க.

சொல்லியிருக்கணும். ஒரு வாக்கியம்தானே. குளவிக் கூட்டைச் சொல்லியிருக்கணும், கையெழுத்தைச் சொல்லியிருக்கணும். அவர் முகத்தைப் பாத்தேன் சார். அன்னிக்கு யாரையும் பாக்காதவன் இன்னிக்கு அவர் முகத்தை நேராப் பாத்தேன். அந்தப் பயம் திரும்ப வந்துச்சு. அதே நாக்கு, அதே மேலண்ணம்.

ஆமாங்க ஐயான்னேன்.

எங்கன்னார். தோள்லன்னேன். எதாலன்னார். கழின்னேன். எத்தனை அடின்னார். ஏழுன்னேன். ஏழுன்னு எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.

மழை நாள்ல நோவு எடுக்குமேன்னு அந்தம்மாகிட்ட எண்ணெய் காய்ச்சச் சொன்னார். நல்லெண்ணெயில கற்பூரம் போட்டு வெதுவெதுன்னு கொண்டுவந்தாங்க. நான் வேணாம் வேணாம்னேன். சும்மா உக்காருங்கன்னு அதட்டிச் சட்டையைக் கழட்ட வெச்சார். எனக்குப் பின்னால முட்டி போட்டு உக்காந்தார், இந்த வயசுல. ரெண்டு கையாலயும் தேய்ச்சார். பெரிய கை, காப்புக் காய்ச்ச கை. ஒரு தழும்பு இல்லாத தோளு சார் இது, நீங்க வேணா பாருங்க. அவருக்குக் கண்ணு மங்கல் போல. தேய்ச்சுக்கிட்டே, இந்த எடமான்னு கேட்டார்.

கொஞ்சம் கீழ, இன்னும் இடது பக்கம்னு சொன்னேன்.